பரளச்சியில் பெய்யாத மழை

பங்குனி வெயிலில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் புழுதியில் நடந்து, வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிறீர்கள். உள்ளே ஆள் அரவமே இல்லை. அப்போது ஓர் ஆண்குரல் சொல்கிறது...

“வாங்க தங்கச்சி! செருப்ப அங்கன விடாதீங்க, எறும்புப் புத்து இருக்கு. இந்தப் பக்கமா விடுங்க.”

என்ன செய்வீர்கள்?

நான் செருப்பை இந்தப் பக்கமாக விட்டேன். அதற்குப் பிறகுதான் பயந்தேன்.

குரல் ஜன்னல் திட்டிலிருந்து வந்தது. அங்கே ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த ஒரு போன். போனுக்குள் ஜாபர் அண்ணன். அவர் இருப்பது சவூதியில், தம்மாமில். எறும்புப் புற்று இருப்பது பரளச்சியில்.

“ரஹ்மத்து கொல்லையில ஆட்டுக்குத் தண்ணி காட்டுறா. இப்ப வந்துருவா. நீங்க உள்ள வந்து ஃபேனப் போடுங்க. அந்த ரெண்டாவது சுவிட்சு.”

இரண்டாவது சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. வீட்டுக்காரர் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு விருந்தாளிக்குக் காற்று வீசினார்.

ரஹ்மத் என் பள்ளித் தோழி, ஜாபர் அண்ணனின் மனைவி. அருப்புக்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. கணக்கில் அவள் கெட்டி, கதையளப்பதில் நான். அதை வைத்துத்தான் இந்தப் பத்தி வாரா வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இந்த விஷயத்தை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“எழுதிக்கோ. பேர மட்டும் மாத்திரு. என்னைய நல்லவளா எழுது.”

“அண்ணனை?”

“இருக்குறபடி எழுது. அது போதும்.”

பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் இருக்கிறபடி.

ரஹ்மத்தின் வீடு பரளச்சியிலிருந்து கொஞ்சம் தள்ளி, காட்டுக்குள் தனியாக நிற்கிறது. காடு என்றதும் மரம், நிழல், குயில் என்றெல்லாம் போய்விடாதீர்கள். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். வானம் பார்த்த கரிசல், வரப்போரம் சீமைக்கருவேல், நடுவில் இந்த வீடு. மகள் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில். வீட்டில் ரஹ்மத்தும் ஆடுகளும்தான்.

அந்த வீட்டில் மொபைல் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் வடக்கு மூலையில், செங்கல் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால்... கிடைக்கும். கிடைக்காமலும் போகும்.

“கேக்குதா?”

“கேக்குது. ஒங்களுக்குக் கேக்குதா?”

“இப்பக் கேக்குது... இப்பக் கேக்கல...”

ஜாபர் அண்ணன் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறியவர். அத்தனை வருஷத்தில் அவர் மனைவியிடம் அதிகம் பேசிய வார்த்தை எது என்று கணக்கெடுத்தால், அது ‘கேக்குதா’வாகத்தான் இருக்கும்.

கேபிள்காரரிடம் கேட்டுப் பார்த்தார். ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் வயர் இழுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். அப்போதுதான் யாரோ சொன்னார்கள் — இப்போது வயரே வேண்டாமாம், டவரும் வேண்டாமாம், நேரே வானத்திலிருந்து இன்டர்நெட் இறங்குகிறதாம்!

சின்னச் சின்ன சாட்டிலைட்டுகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். ஒன்று நகர்ந்து போனால், நாம் காத்திருக்க வேண்டியதில்லையாம். அடுத்தது உடனே வந்து பிடித்துக்கொள்ளுமாம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

போன தடவை லீவில் வந்தபோது அண்ணன் அதை வாங்கிவிட்டார். மாட்டுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். மாடியில் ஏறினார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டதாம்.

“அக்கா, சூப்பர் இடம்க்கா! கொடைக்கானல்ல ஒரு வீட்டுக்கு மாட்டப் போயி, எந்தப் பக்கம் திருப்பினாலும் மரம் மறைக்குது. நொந்து போயிட்டேன். இங்க பாருங்க... சுத்தி ஒண்ணுமே இல்ல!”

எங்கள் பூமியைப் பார்த்து ‘ஒண்ணுமே இல்லையே’ என்று முகம் சுளித்தவர்கள் பலர். பெண் கொடுக்க வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாகி வந்த ஆபீசர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதையே சொல்லி எங்களைப் பாராட்டிய முதல் மனிதர் அந்தத் தம்பிதான். வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் எங்களிடம் வானத்துக்குப் பஞ்சமில்லை. அதற்கும் ஒருநாள் மதிப்பு வரும் என்று யார் கண்டார்கள்?

புடைக்கிற சுளகுக்குக் கால் முளைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பலகை மாடியில் உட்கார்ந்தது. கரண்டு போனாலும் நிற்காமலிருக்க இன்வெர்ட்டர். கிளம்பும்போது தம்பி ஒன்றே ஒன்று சொன்னார்.

“பெரிய மழை கொட்டுச்சுன்னா மட்டும் கொஞ்ச நேரம் கட் ஆகும்ணா. மழை விட்டா தானா வந்துரும்.”

ஜாபர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“தம்பி, இங்க அப்பிடி ஒரு மழை பெஞ்சா நெட்டு எதுக்கு? நாங்களே ஆஃப் பண்ணிட்டுப் போயி நனைவோம்!”

லீவு முடிந்து அவர் தம்மாம் போனார். ஆனால், போனாரா?

முதல் வாரம் சொர்க்கம். ரஹ்மத் மாடிப்படி ஏறவில்லை, செங்கல்லில் கால் வைக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே புருஷன் முகத்தைத் தெளிவாகப் பார்த்தாள். எவ்வளவு தெளிவு என்றால், “என்னங்க, காதோரம் நரைச்சிருச்சே” என்று கண்டுபிடித்தாள். அவர் வெட்கப்பட்டதும் தெரிந்ததாம். மதுரையில் இருக்கிற எனக்கு போன் செய்து சொன்னபோது அவள் குரலே கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து அவர் போனை வைப்பதை நிறுத்திவிட்டார்.

அவருக்கு அங்கே ஒரு பெரிய கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பர் வேலை. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அதே கண்ணோடு பரளச்சி வீட்டையும் பார்க்க ஆரம்பித்தார்.

“ரஹ்மத்து, பால் பொங்கப் போகுது!”

பொங்கத்தான் போனது. அந்த வகையில் லாபம்தான்.

“அந்த வெள்ளாடு துணியத் திங்கிது பாரு!”

தின்றுகொண்டுதான் இருந்தது.

“மோட்டார அமத்து, தொட்டி நெறஞ்சிருக்கும்.”

“மேல மயில் வந்து பலகையில நிக்கிதுபோல, படம் தேங்கித் தேங்கி வருது. வெரட்டி விடு.”

மயில் நின்றதாம்! தம்மாமில் இருப்பவருக்குத் தன் வீட்டு மாடியில் மயில் நிற்பது தெரிகிறது. நான் மதுரையில் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நான் எதிரே இருப்பது தெரிவதில்லை.

நான் செருப்பை மாற்றி விட்டது இந்தக் கட்டத்தில்தான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசவே முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு டீச்சர் ஒருவரைப் பற்றி ஆரம்பித்தால், “யாரு அது?” என்று ஜன்னலிலிருந்து கேள்வி வரும். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கதையின் ருசியே போய்விடும்.

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. நம் குடும்பங்களில் பாதிச் சண்டைகள் நடக்காமல் போனதற்குக் காரணம் நம்முடைய பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. சிக்னல் கிடைக்காததுதான்!

அதற்கப்புறம் ஒருநாள் ஆட்டு வியாபாரி வந்தார்.

கிடாய் பேரம் என்பது எங்கள் பக்கம் ஒரு கலை. ரஹ்மத் அதில் கை தேர்ந்தவள். அவர் ஒரு விலை சொல்வார். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “கெடா எளைச்சுக் கெடக்கு தங்கச்சி, இதுக்கு மேல ஏறாது” என்பார் அவர். “அப்ப விடுங்கண்ணே, பக்ரீத்துக்கு நாங்களே வச்சுக்கிடுறோம்” என்பாள் இவள். அவர் கோபமாக வாசலைப் பார்த்து நடப்பார். நடந்து, படல் வரைக்கும் போய், திரும்பி வருவார். திரும்பி வரும்போது விலை ஏறியிருக்கும். இது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும், கிடாய்க்கும்கூடத் தெரியும்.

அன்றைக்கும் அவர் படலை நோக்கி நடந்தார். அப்போது ஜன்னல் பேசியது.

“ஏப்பா வியாபாரி! போயிராத, போயிராத! ரஹ்மத்து, ஏதோ அவரு கேக்குறதுக்குக் குடுத்துரு. கோடையில தீவனத்துக்கு எங்க போறது?”

வியாபாரி திரும்பி வந்தார். ஆனால் ரஹ்மத்திடம் வரவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார்.

“நல்லா இருக்கீகளா பாய்! எத்தன வருசமாச்சு பாத்து! நீங்க சொன்னாச் சரிதான்.”

கிடாயின் கயிறு கை மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் ரஹ்மத் என்னிடம் கொட்டித் தீர்த்தாள். மாடியில் பழைய இடத்தில், செங்கல் மேல் கால் வைத்து நின்று, பழைய பட்டன் போனில் பேசினாள். வீட்டுக்குள் பேசினால் அவருக்குக் கேட்டுவிடுமே!

“ஒன் அண்ணன் தம்மாம்ல இருந்துக்கிட்டு எங்கெடாயக் கயித்தோட புடிச்சுக் குடுத்துட்டாகடி. அதுகூடப் போகுது. அந்த வியாபாரி என்னைய ஒரு ஆளா மதிக்காம ஜன்னல்ல போயி சலாம் வைக்கான். இந்த வீட்டக் கட்டுனது யாரு? போர் போட்டது யாரு? கரண்டு ஆபீசுல போயி நாள் பூரா நின்னது யாரு? அப்பல்லாம் எந்தக் கேமராவுல பாத்தாக?”

வாரா வாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள்தான் நான். அன்றைக்கு ‘ம்’ மட்டும் கொட்டினேன்.

மறுநாள் காலை ஜன்னலில் வழக்கம்போல விடிந்தது.

“ரஹ்மத்து, இன்னைக்கு அந்தத் தொட்டியக் கழுவிரு. மொதல்ல அடியில இருக்க குழாயத் தெறந்து விட்டு...”

சித்திரை மாதம். வானத்தில் ஒரு பருந்துகூட இல்லை. காலையிலேயே தரை சுடுகிறது. ரஹ்மத் போனை நெருங்கினாள்.

“என்னங்க... சரியாக் கேக்கலையே... இங்க மழைங்க... நல்ல மழை...”

சொல்லிக்கொண்டே நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

பிறகு டீ போட்டாளாம். காலை நீட்டி உட்கார்ந்து, யாருடைய யோசனையும் இல்லாமல், சொட்டுச் சொட்டாகக் குடித்தாளாம். “கல்யாணமாகி வந்து இப்பிடி ஒரு டீ குடிச்சதில்லடி” என்றாள்.

டீ முடிந்துவிட்டது. பொய் முடியவில்லை. மதியத்துக்கு மேல் பிளக்கைச் சொருகியதும் அண்ணன் வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

“நின்னுருச்சா?”

“ம்... இப்பத்தான் விட்டுச்சு.”

“எவ்வளவு இருக்கும்? ஒழவு மழை இருக்குமா?”

எங்கள் பக்கம் மழையை மில்லிமீட்டரில் அளக்க மாட்டார்கள். ஏர் பிடிக்கிற அளவுக்கு ஈரம் இறங்கியிருந்தால் அது உழவு மழை. இறங்கவில்லை என்றால் தூறல். தூறலுக்கு நெட் கட் ஆகாதே! ரஹ்மத் யோசித்தாள்.

“இருக்கும்” என்றாள்.

தம்மாமில் அண்ணன் தங்கியிருந்த ரூமில் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். பந்தல்குடிக்காரர் ஒருவர், மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர், இன்னும் சிலர். பாலைவனத்தில் இருந்துகொண்டு, ஊரில் சித்திரையில் உழவு மழை பெய்தது என்று கேட்டால் எப்படி இருக்கும்? அண்ணன் ரூம் முழுக்க எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதைத் தின்றுகொண்டே பந்தல்குடிக்காரர் வீட்டுக்கு போன் போட்டார். மல்லாங்கிணற்றுக்காரர் தன் அப்பாவைக் கூப்பிட்டு, “பரளச்சில பெஞ்சிருக்கு, நம்மூர்ல ஏன் பெய்யல?” என்று சண்டையே போட்டிருக்கிறார். பாவம், அப்பா என்ன செய்வார்?

அன்று சாயங்காலமே பந்தல்குடி டீக்கடையில் பேச்சு அதுதான். அருப்புக்கோட்டையிலிருந்து என் தம்பி மதுரைக்கு போன் செய்தான்.

“அக்கா, பரளச்சிப் பக்கம் நல்ல மழையாம்ல! நமக்குத்தான் குடுத்து வைக்கல.”

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே ரஹ்மத்தைக் கூப்பிட்டேன்.

“ஏய், மழையாமேடி!”

அந்தப் பக்கம் மூச்சை அடக்குகிற மாதிரி ஒரு சிரிப்பு.

“நாந்தான்டி பெய்ய வச்சேன்.”

நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல பகடியாகத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை பந்தல்குடியிலிருந்து குருசாமி டிராக்டரோடு வந்து நின்றார். அந்தக் காட்டுக்கு எப்போதும் உழவு ஓட்டுகிறவர். ஜாபர் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, மாமா போன் போட்டாக. ஈரம் காயுறதுக்குள்ள கோடை ஒழவு போட்டுருன்னாக.”

சொல்லிவிட்டுக் காட்டைப் பார்த்தார். செருப்புக் காலால் மண்ணை ஒரு எத்து எத்தினார். புகை கிளம்பியது.

“எங்கக்கா பெஞ்சது?”

ரஹ்மத் பொத்தாம்பொதுவாகக் கிழக்கே கையைக் காட்டினாள்.

“அந்தப் பக்கமா... ஓடிப்போச்சு.”

அவள் ‘குருசாமி, கொஞ்சம் இருங்க’ என்று வாயெடுப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. போன தடவை வந்தபோதே வைஃபை பாஸ்வேர்டு வாங்கி வைத்திருந்தார். படலுக்குள் வந்ததும் போன் தானாகவே பிடித்துக்கொண்டது. வீடியோவில் ஜாபர் அண்ணன்.

“குருசாமி, ஈரம் எப்பிடி இருக்கு?”

குருசாமிக்குப் பொய் வராது. அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. போனை அப்படியே திருப்பித் தரையைக் காட்டினார்.

ஹை-ஸ்பீடு இன்டர்நெட்டின் அருமையை அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்திருக்க வேண்டும். படம் தேங்கவில்லை. மங்கவில்லை. பாளம் பாளமாக வெடித்த கரிசல், ஒவ்வொரு வெடிப்பும் விளிம்பு விளிம்பாகத் தம்மாம் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

“சரி குருசாமி” என்றார். வைத்துவிட்டார்.

திட்டு வரும் என்று ரஹ்மத் காத்திருந்தாள். வரவில்லை. அன்று சாயங்காலமும் வரவில்லை. மறுநாளும் ஜன்னலில் யாரும் விடியவில்லை. இவள் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. மகள் கூப்பிட்டால் மட்டும், “நல்லா இருக்கேன்மா, வேலை ஜாஸ்தி” என்று இரண்டு வார்த்தை.

அந்த வாரக் கடைசியில் எனக்கு போன் வந்தது. “ஒரு எட்டு வாடி” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

போனேன். வாசலில் ஒரு குரலும் என்னைக் கூப்பிடவில்லை. ரஹ்மத் ஜன்னலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்தபடி போன் கறுப்பாக இருந்தது. அவள் வெளுத்துப்போய் இருந்தாள்.

“வஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லடி. இப்பிடிப் பேசாம இருக்காக.”

“நீ நெனச்சது நடந்திருச்சுல்ல? நிம்மதியா டீ குடி.”

தமாஷாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“ரெண்டு நாள் குடிச்சேன்” என்றாள். “மூணாவது நாள் வீடு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆட்ட வஞ்சாலும் ஏன் வைறேன்னு கேக்க ஆள் இல்ல.”

என் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தார். அவருக்குப் பின்னால் இரண்டடுக்கு இரும்புக் கட்டில். மேல் கம்பியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. முகத்தில் நாலு நாள் தாடி.

“என்ன தங்கச்சி, சௌக்கியமா?”

“நான் சௌக்கியம்ண்ணே. ரஹ்மத்துதான்...”

“அவளுக்கென்ன, மழை பெய்யுதுல்ல” என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“நான் வேவு பாக்கேன்னு நெனச்சுட்டா, என்ன தங்கச்சி? அவ போன வச்சுட்டு வேலையப் பாக்கப் போயிருவா. பாதி நேரம் அது செவத்தத்தான் காட்டிக்கிட்டு இருக்கும். நான் காதுல மாட்டிக்கிட்டு என் வேலையப் பாத்துக்கிட்டு இருப்பேன். குக்கர் விசில் அடிக்கும். ஆடு கத்தும். இவ யாரையாச்சும் வைவா. அதக் கேட்டுக்கிட்டே இருந்தா... நான் வீட்டுலதான் இருக்கேன், இந்தா அடுத்த ரூம்ல இருக்கேன்னு இருக்கும். அவ்வளவுதான்.”

“அப்ப வாய மூடிக்கிட்டுக் கேக்க வேண்டியதுதான?”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ரஹ்மத் கத்தினாள். அவர் திடுக்கிட்டுவிட்டார்.

“அவ அங்கனதான் இருக்காளா?”

“நான் எங்க போவேன்? வீடு இங்கதான இருக்கு!”

“வாய் வந்துருது ரஹ்மத்து. வீட்டுல இருக்க ஆம்பள பேசாம இருப்பானா?”

“வீட்டுல இருக்க ஆம்பள மொதல்ல ஆட்டுக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கி ஊத்தட்டும். அப்பறம் பேசட்டும்.”

போனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நல்ல தெளிவு, துளிகூடத் தேங்கவில்லை. சண்டை இங்கேயே நடப்பது மாதிரி இருந்தது. ‘கேக்குதா’ காலத்தில் இந்தச் சண்டை நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

“கெடா விசயத்துல நான் தலையிட்டது தப்புதான். அந்தாளு ஒன்னைய விட்டுட்டு எங்கிட்ட பேசுனப்பவே எனக்கு உறுத்துச்சு. ஆனா மழைன்னு சொன்ன பாரு... வேற என்ன பொய் வேணும்னாலும் சொல்லியிருக்கலாம் ரஹ்மத்து. ரூமே சந்தோசப்பட்டுச்சு. நான் அன்னைக்கு நைட்டு ஷிஃப்ட்டு பூரா, இந்த வருசம் காட்டுல என்ன போடலாம்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியைத் திருகினாள்.

“தப்புதாங்க” என்றாள் கடைசியில். “இனிமே மழைன்னு சொல்ல மாட்டேன். கரண்டும் போயிருச்சு, இன்வெர்ட்டரும் போயிருச்சுன்னு சொல்லிக்கிடுறேன்.”

அண்ணன் ஒரு நொடி முறைத்தார். பிறகு அந்த இரும்புக் கட்டில் அதிரச் சிரித்தார்.

சமாதான ஒப்பந்தம் என் முன்னிலையில் கையெழுத்தானது. போன் ஜன்னலில் இருக்கும். அண்ணன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் பக்கம் மியூட். பால் பொங்கினால் பொங்கட்டும். பேச்சு சாயங்காலம், ரஹ்மத் டீ குடித்து முடித்த பிறகு. யாராவது வியாபாரம் பேச வந்தால் போன் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும்.

“எல்லா வீட்டுலயும் ஆம்பளைக்கு இப்பிடி ஒரு பட்டன் வச்சா நல்லாத்தான் இருக்கும்” என்றாள் ரஹ்மத். பெண் வாசகர்கள் கைதட்டுவது எனக்குக் கேட்கிறது. நானும் தட்டினேன், சத்தமில்லாமல்.

பிறகு மழை பெய்ததா என்று கேட்பீர்கள். புரட்டாசியில் பெய்தது. நிஜமான மழை. வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. நெட் தானாகவே கட் ஆனது. திரும்ப வந்ததும் ரஹ்மத் ஆசை ஆசையாகச் சொன்னாள், “என்னங்க, மழைங்க!”

அண்ணன் சொன்னாராம்: “குருசாமியக் காட்டச் சொல்லு.”

போன வாரம் அவர் லீவில் வந்துவிட்டார். நிஜமான ஜாபர் அண்ணன், பெட்டியோடும் தைலப் பாட்டில்களோடும். சாப்பிட வரச்சொல்லி ரஹ்மத் என்னைக் கூப்பிட்டிருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற காட்சியை மனதில் வைத்துக்கொண்டு போனேன். ஊருக்கே கதை சொல்கிறவள் நான். எனக்கும் ஒரு நல்ல முடிவு வேண்டாமா?

வாசலில் வீட்டு நிழலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். காதில் இயர்போன். கையில் போன். திரையில் அந்த இரண்டடுக்கு இரும்புக் கட்டில், அதே லுங்கிக் கம்பி, தரையில் சட்டியைச் சுற்றி நாலைந்து ஆண்கள்.

“ஏலே பந்தல்குடி! வெங்காயம் செவக்குறதுக்குள்ள தக்காளியப் போட்டுட்டியே! அடுப்பக் கொறைலே! மல்லாங்கிணறு எங்க, இன்னும் டியூட்டி முடிஞ்சு வரலையா? அவனுக்கு எடுத்து வச்சிட்டுத் திங்கணும், என்ன?”

நான் வந்ததையே அவர் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து ரஹ்மத் எட்டிப் பார்த்தாள். கறிக்குழம்பு வாசனை படல்வரைக்கும் வந்தது. இங்கே கொதிக்கிற குழம்புக்கு யோசனை சொல்ல ஆளில்லை.

“என்னடி, அண்ணன் நல்லபடியா வந்து சேந்துட்டாகளா?” என்று கேட்டேன்.

ரஹ்மத் கரண்டியை ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

“பாதி வந்திருக்காக. மீதி இன்னும் தம்மாம்லதான் கெடக்கு.”